12 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு

மதுரையில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கல்லூரி ஆய்வேடு என்று எது வந்தாலும் தட்டச்சு செய்து, பக்கம் அமைத்து, அச்சுக்கு அனுப்புகிற வேலை. சில வருடங்களாக இதில் புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு கிளினிக்குகளில் கொடுக்கிற உணவு அட்டவணை. ஏ4 தாளில் முன்னும் பின்னும் அச்சிட்டு, கட்டுக் கட்டாக வாங்கிப் போவார்கள். கிளினிக் பெயரும் முகவரியும்தான் மாறும், உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒன்றே. காலையில் ஓட்ஸ் அல்லது கோதுமை ரவை. 11 மணிக்கு மோர், கூடவே நாலைந்து பாதாம். மதியம் சாதம் ஒரு கப், காய்கறி இரண்டு கப், பருப்பு அல்லது மீன். சாயங்காலம் சுண்டல். இரவு இரண்டு சப்பாத்தி, காய்கறிக் குருமா. எல்லாவற்றுக்கும் மேலே தடித்த எழுத்தில், 'சாதத்தைக் குறைக்கவும்'.

இந்தத் தாளில் தப்பு ஒன்றும் கிடையாது. என் அப்பாவுக்குச் சர்க்கரை வந்தபோது இப்படி ஒரு தாளைத்தான் அம்மா அடுப்படிச் சுவரில் ஒட்டினார். வரிக்கு வரி அப்படியே செய்தார். அப்பாவின் சர்க்கரை ஒழுங்குக்கு வந்தது. அதற்குப் பின்னால் அம்மாவின் உழைப்பு இருந்தது, தினமும் காய் வாங்கக் காசு இருந்தது, ஃப்ரிட்ஜ் இருந்தது, 11 மணிக்கு மோரைக் கையில் கொண்டுவந்து கொடுக்க ஆள் இருந்தது. தாளில் எழுதாத இவ்வளவும் இருந்ததால்தான் எழுதியது நடந்தது. இதை நான் யோசிக்க ஆரம்பித்ததே பூக்கார அக்காவால்தான்.

அக்கா என் கடை வாசல் படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டுகிறவர். அறுபதைத் தாண்டியவர், தனியாள். விடியும் முன்பே மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போய் மல்லியும் பிச்சியும் வாங்கி வருவார். மதியம் முழுக்கக் கை ஓயாமல் கட்டுவார். பொழுது சாய்ந்த பிறகுதான் முழக்கணக்கில் விற்கும். அன்றைக்கு விற்றதில் தண்டல்காரருக்குக் கொடுத்தது போக மிச்சம்தான் அடுத்த நாளைக்கு முதலீடு. சுகர் வந்து பல வருடம் ஆகிறது. முன்பெல்லாம் மாத்திரைக்காக ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டும், அந்த அரைநாள் வியாபாரம் போய்விடும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அந்த அலைச்சலை நிறுத்தியது. இப்போது தன்னார்வலர் பெண் வீட்டுக்கே வந்து மாத்திரையைக் கொடுத்து, பிரஷரும் பார்த்துவிட்டுப் போகிறார். "எம்மக வந்தாக்கூட இப்படிக் கேட்கமாட்டா தம்பி" என்பார் அக்கா. அவ்வளவு நல்ல திட்டம்.

ஒருநாள் மதியம் கட்டிக்கொண்டிருந்தவருக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது, பேச்சு குழறியது. வெயில் என்றார்கள் சிலர். டீக்கடைக்காரர்தான் விவரம் தெரிந்தவர், தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கவைத்தார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "மாத்திரை போட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். போட்டேன் என்றார். "சாப்பிட்டீங்களா?" அக்கா பேசவில்லை. "மாத்திரை போட்டா சாப்பிடணும்மா, இல்லாட்டி லோ சுகர் ஆயிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போனார். வெளியே வரும்போது ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஓட்ஸ், மோர், பாதாம். அக்கா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஆட்டோவில் வரும்போது சொன்னார்: "மாத்திரை இருந்துச்சு தம்பி. அதுக்கு மேல வீட்ல ஒண்ணும் இல்ல."

அந்த வார்த்தை என்னைவிட்டுப் போகவில்லை. அரசாங்கத்தின் மாத்திரை வீடு தேடி வந்துவிட்டது. அந்த மாத்திரை உடம்பில் போய் எதன்மேல் வேலை செய்ய வேண்டுமோ, அது வந்து சேரவில்லை.

ஏறுவதும் இறங்குவதும் ஒரே ஆளுக்கு

சர்க்கரை நோய் என்றாலே அதிகம் சாப்பிடுகிறவர்களின் நோய் என்ற எண்ணம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. பணக்கார வியாதி என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து மாநிலம் மாநிலமாக நடத்திய இண்டியாப் ஆய்வு, 2023இல் இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். ஆனால் என்னை நிறுத்தியது அதே ஆய்வின் 2017 அறிக்கை. சண்டிகர், மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஆகிய வசதியான இடங்களின் நகரப் பகுதிகளில், வசதி உள்ளவர்களைவிட வசதி குறைந்தவர்களிடம்தான் சர்க்கரை நோய் அதிகம் என்று அது சொன்னது. மதுரை மாதிரி ஓர் ஊரில் இது இப்போது பூக்கட்டுகிறவரின் நோய், சுமை தூக்குகிறவரின் நோய், வீட்டு வேலைக்குப் போகிறவரின் நோய்.

அக்கா என்ன சாப்பிடுகிறார் என்று அப்புறம்தான் கவனித்தேன். விடியற்காலையில் மார்க்கெட்டில் சர்க்கரை போட்ட டீ, ஒரு வர்க்கி. ராத்திரி ஒரே தடவை சோறு வடிப்பார், கேஸ் மிச்சமாகும். அதில் மீந்ததற்குத் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்கு ஆகும். தொட்டுக்கொள்ள வெங்காயமோ ஊறுகாயோ. பகலில் வேலை ஓடினால் சாப்பாடு கிடையாது. ராத்திரி பத்து மணிக்குப் பசி தாங்காமல் தட்டு நிறையச் சோறு, புளிரசம். இப்படி இருந்தால் சாப்பிட்ட பிறகு பார்க்கிற சர்க்கரை முந்நூறைத் தாண்டும், பகலில் எழுபதுக்குக் கீழே இறங்கும். ஏறியதைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். கூட்டிய மாத்திரை, சாப்பிடாத பகலில் இன்னும் கீழே இழுக்கும். சர்க்கரை மாத்திரைகளில் மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்தப் பயம் அதிகம் இல்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை அப்படி அல்ல. அவை கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும், வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது. வயதானவர்களுக்கு, அதிலும் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தால், தாழ்ந்த சர்க்கரை மணிக்கணக்கில் நீடிக்கும். உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இதெல்லாம் எந்த டாக்டருக்கும் தெரியும். நோயாளி வீட்டு அடுப்பு எத்தனை வேளை எரிகிறது என்பதுதான் சீட்டில் எழுதப்படுவதில்லை.

ரேஷன் கடைத் தராசு

அக்காவிடம் இருப்பது ஒற்றை ஆள் அரிசிக் கார்டு. மாதம் 12 கிலோ அரிசி இலவசம். துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு ஒரு கிலோ, பாமாயில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர், கொஞ்சம் சீனி. 12 கிலோவை முப்பதால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி. பருப்பு 33 கிராம். அந்த அரிசி மட்டுமே ஏறத்தாழ 1400 கலோரி, பெரும்பாலும் மாவுச்சத்து. பருப்பிலிருந்து கிடைக்கும் புரதம் ஏழெட்டு கிராமைத் தாண்டாது. காய், கீரை, முட்டை, மோர் எல்லாம் கைக்காசு. கைக்காசு இருக்கிற நாளில் அவை இருக்கும், பூ விற்காத நாளில் இருக்காது. ஆகவே அக்காவின் தட்டில் எது எவ்வளவு என்பதை அவருடைய நாக்கு முடிவு செய்யவில்லை, ரேஷன் கடைத் தராசு முடிவு செய்கிறது. அவரிடம் போய் 'சாதத்தைக் குறைக்கவும்' என்றால், குறைத்த இடத்தில் எதை வைப்பது?

இலவச அரிசியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம் என்று வந்த அந்த அரிசிதான் எத்தனையோ வீடுகளில் பசியை விரட்டியது. அரிசி வாங்க முடியாத காலத்தை அக்கா பார்த்திருக்கிறார். மூத்த மகனுக்குக் கஞ்சித் தண்ணீரைக் கொடுத்துத் தூங்கவைத்ததைச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் அரிசியைப் பிடுங்குவது பாவம். பசிக்கு வந்த திட்டம் பசியைத் தீர்த்தது. அதன் பிறகு வந்த நோய்க்கு அந்தத் திட்டம் மாறவில்லை, அவ்வளவுதான். ஒரு துறை அரிசி கொடுக்கிறது, இன்னொரு துறை மாத்திரை கொடுக்கிறது. இரண்டும் ஒரே வீட்டுக்குத்தான் போகின்றன. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

பேச முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல தொடக்கம். ஆனால் கேழ்வரகு சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று ஊரெல்லாம் நம்புகிறார்களே, அது சரியில்லை. நைசாக அரைத்த மாவைக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் அதுவும் வேகமாகத்தான் ஏற்றும். சப்பாத்தியும் அப்படித்தான். ராத்திரி சோற்றுக்குப் பதில் ஹோட்டல் சப்பாத்தி நாலு சாப்பிட்டு நிம்மதியாகப் படுக்கிறவர்கள் எத்தனை பேர்! இண்டியாப் குழு 2025இல் வெளியிட்ட கணக்குப்படி இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. ஒரு மாவுச்சத்தை எடுத்துவிட்டு இன்னொரு மாவுச்சத்தை வைப்பதில் பெரிய பயன் இல்லை, அந்த இடத்துக்குப் பருப்பும் பாலும் முட்டையும் வர வேண்டும் என்பதுதான் அந்த ஆய்வின் சாரம். தானியத்தை மாற்றுவதைவிடத் தட்டின் விகிதத்தை மாற்றுவதுதான் முக்கியம். அதற்குப் பருப்பு வேண்டும், முட்டை வேண்டும், காய் வேண்டும், எல்லாவற்றுக்கும் காசு வேண்டும்.

வார்டில் வந்த சாப்பாடு

அடுத்த வருடம் அக்காவின் பாதத்தில் புண் வந்தது. செருப்பு கடித்த சின்னக் காயம், சர்க்கரை ஆறவிடவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விரலை எடுக்க வேண்டிவரும் என்று முதலில் பயமுறுத்தினார்கள், கடைசியில் எடுக்காமலே தப்பித்தார். நான் பார்க்கப் போன நேரம் மதியச் சாப்பாடு வந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு அங்கே தனிச் சாப்பாடு. அளவாகச் சோறு, கெட்டியான சாம்பார், ஒரு காய், அவித்த முட்டை. இரவுக்குச் சப்பாத்தி. ருசியைப் பற்றி அக்காவுக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஆனால் ஒவ்வொரு வேளையும் நேரத்துக்கு வந்தது. நாளாக நாளாகச் சர்க்கரை இறங்கியது. தொடக்கத்தில் போட்ட இன்சுலின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். புண் ஆற ஆரம்பித்தாலே சர்க்கரை இறங்கும், ஊசிக்கும் அதில் பங்கு உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை.

"ஊசி ஊசின்னு எல்லாரும் சொல்றாங்க தம்பி. இங்க நேரத்துக்குச் சோறு வருதுல்ல, அத யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரையும் இன்சுலினும் கொடுத்தார்கள். ஊசியை எங்கே வைப்பது, எப்படிப் போடுவது, எப்போது வந்து காட்டுவது என்று செவிலியர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். இன்சுலினை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டோம். எல்லாம் கையோடு வந்தது, சாப்பாடு ஒன்றைத் தவிர. உள்ளே இருந்தவரை சிகிச்சையின் பகுதியாக இருந்த சோறும் சாம்பாரும் முட்டையும், ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் நோயாளியின் சொந்த விஷயமாகிவிட்டன. அக்கா மறுபடி ராத்திரிச் சோற்றுக்குத் திரும்பினார். கொஞ்ச நாளில் சர்க்கரையும் திரும்பியது.

அடுத்த முறை காட்டப் போனபோது, ஊசியை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டார்கள். சில நாள் போடவில்லை என்றார் அக்கா. சீட்டில் 'மருந்து ஒழுங்காக எடுக்கவில்லை' என்று எழுதினார்கள். வெளியே வந்ததும் ஏன் போடவில்லை என்று நானும் கேட்டேன். "சோறு இல்லாத அன்னைக்கு ஊசி போட்டா, அன்னைக்கு மாதிரி விழுந்துருவேன்ல? தனியா இருக்கேன், யாரு பாக்கிறது?" என்றார். எனக்கு அங்கேதான் எல்லாம் புரிந்தது. அவர் அலட்சியமாக இல்லை. தன் உயிரைத் தானே காப்பாற்றிக்கொள்கிறார். கையில் இருப்பதை வைத்து யோசித்தால் வேறு யாரும் அதைத்தான் செய்வார்கள். சீட்டில் அந்த யோசனை 'ஒழுங்கின்மை' ஆகிவிட்டது. இப்படி எழுதப்பட்டவர்களில் எத்தனை பேர் சோறு இல்லாததால் மருந்தை நிறுத்தியவர்கள் என்று யாராவது கேட்டுப் பார்க்க வேண்டும்.

பாஸ்டனில் ஒரு துண்டுப் பிரசுரம்

இந்தச் சமயத்தில் ஒரு மருத்துவ மாணவி தன் ஆய்வேட்டைப் பக்கம் அமைக்கக் கொண்டுவந்தார். அதில் குறிப்பிட்டிருந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் பற்றி அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன், பிறகு தேடியும் படித்தேன். பாஸ்டன் பகுதியில் செத் பெர்கோவிட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் நடத்தியது, 2019இல் வெளிவந்தது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத, உணவுக்கும் உத்தரவாதம் இல்லாத 44 பேர். பன்னிரண்டு வாரம் அவர்கள் வீட்டுக்கு வாரத்துக்குப் பத்து வேளைச் சாப்பாடு போனது, அவரவர் நோய்க்கு ஏற்ற மாதிரி உணவியல் நிபுணர்கள் திட்டமிட்டுச் சமைத்தது. இன்னொரு பன்னிரண்டு வாரம் வழக்கமான சிகிச்சை, கூடவே ஆரோக்கியமான உணவைப் பற்றி ஒரு துண்டுப் பிரசுரம். ஒவ்வொருவருக்கும் இரண்டு கட்டமும் உண்டு, வரிசை மட்டும் மாறியது.

அச்சுத் தொழிலில் இருப்பவன் என்பதால் அந்தத் துண்டுப் பிரசுரத்தில்தான் என் கண் நின்றது. ஒரு பக்கம் சாப்பாடு, மறுபக்கம் தாள். உணவின் தரத்தை நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பிடுகிற ஓர் அளவுகோல் அங்கே உண்டு. தாள் கொடுத்த காலத்தில் 39.9, சாப்பாடு கொடுத்த காலத்தில் 71.3. அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்ற தவிப்பு 62 சதவீதம் பேரிடமிருந்து 42 சதவீதமாகக் குறைந்தது. தாழ்ந்த சர்க்கரை வந்தவர்கள் 64 சதவீதத்திலிருந்து 47 சதவீதம் ஆனார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் அக்கா படிக்கட்டில் சரிந்த அந்த மதியத்தை அந்தக் கடைசி எண்ணில் பார்த்தேன்.

கலிபோர்னியாவில் இன்னொரு கணக்கும் எடுத்திருக்கிறார்கள். 2000 முதல் 2008 வரையிலான ஆஸ்பத்திரிப் பதிவுகள். ஏழை நோயாளிகள் தாழ்ந்த சர்க்கரையால் சேர்க்கப்படுவது, மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 சதவீதம் அதிகம். வசதியானவர்களிடம் இந்த வித்தியாசம் இல்லை. மாதக் கடைசியில் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பணம் தீர்ந்துவிடுகிறது, மாத்திரை தீர்வதில்லை. பணக்கார நாட்டிலும் இதே கதைதான்.

இந்தச் சாப்பாட்டு முறை அங்கே சர்க்கரை நோய்க்காகப் பிறந்தது அல்ல. 1985இல் சான் பிரான்சிஸ்கோவில் ரூத் பிரிங்கர் என்ற பாட்டி, எய்ட்ஸ் வந்து சமைக்கத் தெம்பில்லாமல் கிடந்த ஏழு பேருக்குத் தன் சமையலறையில் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதுதான் பிராஜெக்ட் ஓப்பன் ஹேண்ட். அதே வருடம் நியூயார்க்கிலும், 1990இல் பாஸ்டனில் கம்யூனிட்டி சர்விங்ஸ் என்ற பெயரிலும் இப்படிச் சமையலறைகள் வந்தன. பிறகு சிறுநீரகம், இதயம், சர்க்கரை என்று ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனி மெனு. இப்போது கலிபோர்னியா, மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்தே இதற்குப் பணம் கொடுக்கிறார்கள்.

எல்லா முடிவும் ஒரே திசையில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023 கடைசியில் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், குடும்பத்துக்கு வாரத்துக்குப் பத்து வேளைக்கான சமையல் பொருளும் ஆலோசனையும் கொடுத்தார்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரை, அதை வாங்கியவர்களுக்கு 1.5 புள்ளி குறைந்தது, வாங்காதவர்களுக்கும் 1.3 புள்ளி குறைந்தது. வித்தியாசம் இல்லை என்றுதான் அர்த்தம். இதைப் படித்ததும் சோர்வாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன். அங்கே போனது பொருள், சமைத்த சாப்பாடு அல்ல. அக்காவிடம் பத்துக் காயைக் கொடுத்தால் நறுக்கவும் வதக்கவும் நேரமும் கேஸும் வேண்டும். சமைக்கவே முடியாதவருக்குப் பொருள் பாதி உதவிதான். சராசரி எண்ணில் வித்தியாசம் இல்லை என்றாலும் ஆள் மயங்கி விழாமல் இருப்பதே ஒரு பலன் என்பதும் என் கருத்து. அந்த எண்ணை மட்டும் பார்த்து இந்த வழியையே மூடிவிடக் கூடாது.

யார் சமைப்பது?

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் சுய உதவிக் குழுப் பெண்கள் இருவர் டிபன் கேரியரில் மதியச் சாப்பாடு கொடுக்கிறார்கள். நாங்கள் கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து அக்காவுக்கு அங்கே சொல்லி வைத்தோம். சும்மா வாங்கிக்கொள்ள அக்கா சம்மதிக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் எல்லாக் கடைச் சாமி படத்துக்கும் பூச்சரம் அவர் பொறுப்பு என்று பேசி முடித்தோம். டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கினோம். ஒரு சின்னக் கிண்ணம் சோறு, அதைவிடப் பெரிய கிண்ணத்தில் சாம்பார் அல்லது பருப்பு, கீரை, ஒரு காய், முட்டை. அக்காவுக்குப் பல் குறைவு, சப்பாத்தி மெல்ல வராது. கேரட்டும் பீன்ஸும் குழைய வேக வேண்டும். பிரஷர் இருப்பதால் உப்பு கம்மி, அப்பளம் ஊறுகாய் கிடையாது. நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு மணிக்குள் வந்துவிட வேண்டும். சமைக்கிற அம்மா இதைப் புரிந்துகொண்ட வேகத்தைப் பார்த்து அசந்துபோனேன். கிண்ணத்தையே அளவாக வைத்துக்கொண்டார், தராசு தேவைப்படவில்லை. அக்கா அதன் பிறகு மயங்கி விழவில்லை. பகல் சாப்பாடு நிச்சயம் என்றானதும் ஊசியை விடாமல் போட்டார். கொஞ்ச நாளில் டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்தினார். ராத்திரிச் சோறு இன்னும் பழைய மாதிரிதான், அதனால் சர்க்கரை முழுக்க அடங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நாலு கடைக்காரர்களின் மனசை நம்பி ஒரு நோயாளி வாழக் கூடாது. என் கடை மூடினால் அக்காவின் சாப்பாடும் நிற்கும் என்றால் அது சரியில்லை. அரசாங்கத்தால் முடியாத காரியமா இது? நோய்க்கு உணவு கொடுப்பதை நம் நாடு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. காசநோயாளிகளுக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய், உணவுக்கென்றே வங்கிக் கணக்கில் போகிறது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு அரிசியும் பருப்பும் கொண்ட உணவுக் கூடை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வந்தது. அந்தக் குடும்பத்தாருக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் போகிறது. சர்க்கரை நோயாளிக்கு மட்டும் மாத்திரையோடு நின்றுவிடுகிறோம்.

சமையலறைக்கும் பஞ்சமில்லை. 1982இல் பள்ளிக் குழந்தைகளுக்குத் தொடங்கிய சத்துணவு, அடுத்த வருடமே முதியோர் ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கும் விரிந்தது. அந்த ஏற்பாடு ஏட்டில் இன்னும் இருக்கிறது. மையத்தில் சாப்பிடும் முதியவருக்கு மாதம் இரண்டு கிலோ அரிசி, சாப்பிடாதவருக்கு நான்கு கிலோ. அக்காவும் ஓய்வூதியம் வாங்குகிறவர்தான், 2023இல் அது 1000 ரூபாயிலிருந்து 1200 ஆனது. அவரும் அரிசியைத்தான் வாங்குகிறார். குழந்தைகளோடு தட்டேந்தி நிற்கக் கூச்சம், பூவை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவருகிற அதே கை, பக்கத்துச் சத்துணவு மையத்திலிருந்து ஒரு டிபன் கேரியரையும் கொண்டுவந்தால்? தன்னார்வலருக்கு யார் யாருக்குச் சர்க்கரை, யார் தனியாள் என்பது வீடு வீடாகத் தெரியும். மையத்தில் பருப்பும் முட்டையும் காயும் ஏற்கெனவே இருக்கின்றன. மே மாதமும் ஞாயிற்றுக்கிழமையும் பள்ளி அடுப்பு எரியாது என்பார்கள், அந்த நாட்களுக்கு 2013இல் வந்த அம்மா உணவகம் இருக்கிறது. அங்கே இப்போது கிடைப்பது இட்லி, பொங்கல், சாம்பார் சாதம், தயிர் சாதம். மலிவான, மரியாதையான சாப்பாடு, ஆனால் எல்லாமே அரிசி. சுண்டலும் முட்டையும் அந்தப் பலகையில் ஏறுவது பெரிய காரியமில்லை.

எல்லாரும் சுகர் என்று சொல்லிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். வரட்டும், விரலில் குத்திப் பார்க்க ஒரு நிமிடம் ஆகிறது. முதலில் தனியாக வாழ்பவர்கள், ஓய்வூதியக்காரர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், கால் புண்ணோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். வெட்டிய காலுக்கும் டயாலிசிஸுக்கும் இதே அரசுதான் காப்பீட்டிலிருந்து செலவு செய்கிறது. அதில் ஒரு துளி இந்தப் பக்கம் வந்தால் போதும்.

சமையல் ஏற்பாடு வரும்வரை ரேஷனில் ஒரு மாற்றமாவது உடனே செய்யலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்குவதாகப் பதிவுள்ள ஒற்றைக் கார்டுதாரர் விரும்பினால், 12 கிலோ அரிசியில் நான்கு கிலோவை விட்டுக்கொடுத்து, அந்த மதிப்புக்குப் பருப்பும் கொண்டைக்கடலையும் வாங்கிக்கொள்ளட்டும். விரும்பினால் மட்டும், கட்டாயம் கூடாது. அரிசி மீந்து விற்றுக் காசாக்குகிறவர்களைத் திட்டிக்கொண்டிருப்பதைவிட இது மேல்.

இவ்வளவையும் ஒரு மனுவாகத் தட்டச்சு செய்திருக்கிறேன். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பதாக இருக்கிறோம், சமைக்கிற அம்மாவும் வருகிறார். அக்கா நேற்று கடைக்குள் வந்து உட்கார்ந்து, முழுக்கப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். பருப்பு, முட்டை, கீரை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "மதியம் ஒரு மணிக்குள்ளன்னு போட்டீங்களா தம்பி?" என்றார். இரண்டாவது பத்தியிலேயே போட்டிருக்கிறேன் என்று காட்டினேன்.